நாளுக்கு 25 மணி நேரம்

வணக்கம். கடல் பயணம் பற்றி வானொலியில் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து நியூயார்க் வரை, அட்லாண்டிக்கைக் குறுக்கே கடக்கும் பயணம். கப்பலின் பெயர் குயின் மேரி 2. ஏழு இரவுகள். லண்டனில் விமானம் ஏறினால் எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற தூரம் அது.

எட்டு மணி நேரத்தில் போகிற ஊருக்கு எதற்கு ஏழு ராத்திரி என்று என் மைத்துனர் கேட்டார். நீங்களும் அதையே கேட்பீர்கள். சரி, கடிகாரத்திலிருந்து தொடங்குகிறேன்.

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். விமானம் அதை ஒரே தாவாகத் தாவிவிடும், உடம்பு தாவாது. அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் இறங்கியவர்களுக்குத் தெரியும்: விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு வந்து, தூங்குகிறவர்களை எழுப்பிவிடாமல், டம்ளர் சத்தம்கூடக் கேட்காமல் சமையலறையில் காபி போடுகிற பாடு. கப்பலில் அந்த ஐந்து மணி நேரத்தை ஐந்து இரவுகளாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ராத்திரி 2 மணி ஆனதும் கப்பலின் கடிகாரம் திரும்பவும் 1 மணிக்குப் போய்விடும். அதாவது, அந்த நாளுக்கு 25 மணி நேரம். ஒரு நாள் இல்லை, ஐந்து நாள்.

என் கையில் இருந்தது அப்பாவின் பழைய கடிகாரம், தினமும் சாவி கொடுக்க வேண்டியது. முதல் ராத்திரி படுக்கப் போகும்போது முள்ளை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்த ஒரு மணி நேரம் யாரு கணக்குல வருது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பத்து நாலு வருஷம் அலுவலகத்தில் வேலை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவர் கணக்கில்தான் போயிருக்கிறது. இது யாருடையதும் இல்லை.

இரண்டாம் ராத்திரி அந்த நேரத்தைத் தூங்கிக் கழிக்க மனசு வரவில்லை. ஏழாவது தளத்தில் கப்பலைச் சுற்றி நடைபாதை ஓடுகிறது, மரப்பலகை போட்டது. அங்கே சாய்வு நாற்காலியில் ஆளுக்கொரு கம்பளியைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவள் சொன்னாள், கல்யாணத்துக்கு முந்தின வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்கு ஆர்டர் வந்தது, வீட்டில் போக விடவில்லை, அந்தக் காகிதத்தை ரொம்ப நாள் டிரங்குப் பெட்டி அடியில் வைத்திருந்தேன் என்று. முப்பத்தெட்டு வருஷத்தில் எனக்குத் தெரியாத செய்தி. மறைத்தாள் என்றில்லை, அதைச் சொல்ல ஒரு நேரம் வாய்க்கவில்லை.

இதற்காகத்தான் சொல்கிறேன், போனால் மேற்கே போங்கள். நியூயார்க்கிலிருந்து திரும்புகிற திசையில் அந்த மணி நேரத்தை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள், அதுவும் நடுப்பகல் 12 மணிக்கு, கடிகாரம் நேரே 1 மணிக்குப் போய்விடும். மேற்கே போவதுதான் சுகம்.

இந்தக் கப்பலுக்கு வேகம் வராது என்று நினைத்துவிடாதீர்கள். 30 நாட் வரை, அதாவது மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடியது. முதலில் ஆறு இரவில்தான் கடந்துகொண்டிருந்தது, பிறகு எரிபொருள் செலவைக் குறைக்க மெதுவாக்கி ஏழாக்கினார்கள். 1952இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற கப்பல் 3 நாள், 10 மணி, 40 நிமிடத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தது. 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் பயணிகளோடு அதே கடலைத் தாண்டத் தொடங்கின. அவசரக்காரர்கள் எல்லாரும் மேலே போய்விட்டார்கள். கடலில் மிஞ்சியது நிதானம். மூன்றரை நாளில் கடந்த கடலை இப்போது ஏழு நாளில் கடக்கிறோம், காசு கொடுத்து.

அப்புறம், இது தீவு தீவாக நின்று போகிற உல்லாசக் கப்பல் இல்லை. 345 மீட்டர் நீளம்; பிரான்ஸில் செயின்ட் நசேரில் கட்டி, 2004இல் ஓடத் தொடங்கியது. அட்லாண்டிக் அலையைக் கிழித்துப் போவதற்கென்றே உடம்பைக் கனமாகச் செய்திருக்கிறார்கள். உயிர்காப்புப் படகுகளைக்கூட அலை எட்டாதபடி வழக்கத்தைவிட உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். வழியில் இறங்க ஊரே கிடையாது. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போன பெரியவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்குத் தெரியும், இரண்டு மூன்று நாளில் கரையின் நினைப்பே தளர்ந்துவிடும். அவர்கள் பிழைக்கப் போனார்கள், சௌகரியம் பார்க்க வழியில்லை. எங்களுக்கு மெத்தையும் மாலைத் தேநீரும் இருந்தன. ஆனால் தண்ணீர் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும்.

தினமும் மதியம் கேப்டன் ஒலிபெருக்கியில் கப்பல் இருக்கும் இடத்தையும் கடலின் ஆழத்தையும் சொல்வார். ஒருநாள் கீழே நாலு கிலோமீட்டர் தண்ணீர் என்றார். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் ஒரு நொடி கரண்டியை நிறுத்தினார்கள்.

நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கப்பலில் நாய்களும் பயணம் செய்யலாம், தனிக்கூடமே உண்டு. அவை காலைத் தூக்குவதற்காக நியூயார்க் தெருவின் தீயணைப்புக் குழாய் ஒன்றும் லிவர்பூல் விளக்குக் கம்பம் ஒன்றும் அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு நாட்டு நாய்க்கும் பழகினது வேண்டுமே!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். நூலகம் பற்றியும் சைவச் சாப்பாடு பற்றியும் குறித்து வைத்திருந்தேன், நேரமில்லை. கடைசி விடியலை மட்டும் சொல்லிவிடுகிறேன். இருட்டிலேயே எல்லாரும் மேல்தளத்துக்கு வந்துவிடுகிறார்கள். நியூயார்க் துறைமுகத்தின் வாசலில் இருக்கிற வெரசானோ பாலம் நெருங்க நெருங்க, புகைபோக்கி இடித்துவிடும் என்றே தோன்றும். பேச்சு நின்றுவிடுகிறது. சில மீட்டர் இடைவெளியில் கப்பல் நழுவிப் போகிறது, தலைக்கு மேலே லாரிகள் ஓடுகிற சத்தம் கேட்கிறது.

புரூக்ளின் கரையில் மகள் காத்திருந்தாள். வீட்டுக்குப் போய், ராத்திரி பத்து மணிக்குப் படுத்தோம். காலையில் கண் விழித்தபோது அப்பாவின் கடிகாரத்தில் மணி ஆறு. சுவர்க் கடிகாரத்திலும் ஆறு. நன்றி, வணக்கம்.