பிசாசும் வசனம் சொன்னான்

[திரையில்: மத்தேயு 4]

இரண்டு பேர் வாக்குவாதம் பண்ணுகிறார்கள், இரண்டு பேருமே வேதாகமத்தைத் திறந்து வசனம் காட்டுகிறார்கள். யார் பக்கம் நிற்பது? இந்தச் சிக்கல் நம் காலத்தில் வந்தது என்று நினைத்தால் மத்தேயு நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். நாற்பது நாள் உபவாசம் முடிந்து பசியோடு இருக்கிறார் இயேசு. கல்லை அப்பமாக்கு என்று சோதனைக்காரன் சொன்னதும் உபாகமத்திலிருந்து ஒரு வசனத்தை எடுத்து "எழுதியிருக்கிறதே" என்கிறார். ஓகோ, இவர் வசனத்துக்குத்தான் கட்டுப்படுவார் போல என்று பிசாசு நினைத்தானோ என்னவோ, அடுத்த சோதனையில் தேவாலயத்து உப்பரிகையில் அவரை நிறுத்தி, கீழே குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்று 91ஆம் சங்கீதத்தைக் கையில் எடுக்கிறான்.

அவன் சொன்னது நிஜமான வசனம்தான், எதையும் இட்டுக்கட்டவில்லை. இயேசுவும் அந்தச் சங்கீதம் தவறு என்று சொல்லவில்லை. "கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே" என்கிறார். "என்றும்" என்பதில் வரும் அந்த "உம்" இருக்கிறதே, இந்த வீடியோ முழுக்க அதைப் பற்றித்தான். நீ ஒன்றைச் சொல்கிறாய், சரி, இதுவும் எழுதியிருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் படி என்பதுதான் அவர் பதில். நம்மைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் முழு வேதத்துக்கும் உரியது, நமக்கு வசதியான ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்தால் அந்த அதிகாரம் கூடவே வந்துவிடாது.

வேதத்துக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 புத்தகங்களையும் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367இல் ஈஸ்டரை ஒட்டி எழுதிய தன் பாஸ்கா மடலில் பட்டியலிட்டார். அப்படியானால் சபைதான் வேதத்துக்கு அதிகாரம் கொடுத்ததா, ஏற்கெனவே இருந்த அதிகாரத்தை அடையாளம் கண்டதா? 1521இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் கூட்டிய மன்றத்தில் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், தன் மனசாட்சி தேவ வார்த்தைக்குக் கட்டுப்பட்டது, போப்பும் ஆயர்கள் கூடும் சங்கங்களும் தவறக்கூடியவர்கள் என்று நின்றார். 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், வேதத்தையும் திருத்தூதர் மரபையும் ஒரே மரியாதையோடு ஏற்கிறோம் என்று பதில் வைத்தது. அப்புறம் 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபையின் போதக அதிகாரம் தேவ வார்த்தைக்கு மேலே நிற்பது இல்லை, அதற்கு ஊழியம் செய்வது என்று எழுதியது. புத்தகங்களின் எண்ணிக்கை கூட ஒன்று இல்லை, சீர்திருத்த சபைகளுக்கு 66, கத்தோலிக்கருக்கு 73. இதற்கு மேல் போனால் அதுவே தனி வீடியோ ஆகிவிடும்.

[திரையில்: எரேமியா 29:11]

இந்த வசனத்தை போன் வால்பேப்பராக வைத்திருப்பவர்கள் நிறைய. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வேலை கிடைக்கும், கல்யாணம் கூடி வரும் என்று நாம் படிக்கிறோம். ஆனால் இது பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம், இதற்கு முந்தைய வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறது கடிதம். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தான், கேட்க அதுதான் இனிமை. பதினொன்றாம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்துப் படிக்கும்போது எரேமியாவின் வாயில் அனனியாவின் செய்தியை வைக்கிறோமோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு.

இத்தனைக்கும் வசன எண்கள் எழுதியவர்கள் போட்டவை இல்லை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் சொல்லும் எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டவை. தேடி எடுக்க வசதிதான், வெட்டி எடுக்கவும் அதே வசதி.

வெட்டுவது எவ்வளவு தூரம் போகும்? 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையாகும் கதை அதில் கிடையாது. "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்ற கலாத்தியர் வசனமும் கிடையாது. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் வசனம் மட்டும் பத்திரமாக இருந்தது. வேதத்தின் அதிகாரத்தை நம்பாதவனுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டிய அவசியமே இல்லை, முழுசாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவன்தான் கத்தரிக்கோலை எடுப்பான். நம்மிடம் கத்தரிக்கோல் இல்லை, ஆனால் அடிக்கோடு போடும் பேனா இருக்கிறது. மன்னிக்கச் சொல்லும் வசனத்தின் கீழே நான் கோடு போட்டிருக்கிறேனா என்று தேடிப் பார்த்தேன், மற்றவர்கள் கேட்க வேண்டியவை என்று தோன்றிய வசனங்களில்தான் அதிகம் இருந்தது.

[திரையில்: அப்போஸ்தலர் 17:11]

போதகர் சொல்லிவிட்டார், அப்புறம் என்ன என்று கேட்பவர்களுக்கு பெரேயா ஊர்க்காரர்களைக் காட்டலாம். பிரசங்கம் செய்தவர் சாதாரண ஆள் இல்லை, பவுல். அவர் சொன்னதை ஆவலோடு கேட்டார்கள், கேட்டுவிட்டு, காரியங்கள் இப்படி இருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள். இதற்காக அவர்கள்மேல் பவுல் கோபப்பட்டதாக எங்கும் இல்லை. அப்போஸ்தலர் புத்தகத்தை எழுதிய லூக்கா அவர்களை "நற்குணசாலிகள்" என்று எழுதி வைத்திருக்கிறார்.