ஐந்து சனிக்கிழமை வரும் மாதம்

எல்லாருக்கும் வணக்கம். ‘தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்கள் பணக் கஷ்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று பத்து நிமிடம் பேசுங்கள்’ என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சமாளித்து முடித்த ஆளைக் கூப்பிட்டிருந்தால் சரி, நான் இன்னும் பாதி வழியில் நிற்கிறேன். ஆனால் கரையேறியவர்களுக்குப் பழைய கணக்கெல்லாம் மறந்துபோகும். எனக்குப் பைசா சுத்தமாக நினைவிருக்கிறது, அதனால் வந்துவிட்டேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் டீ-ஷர்ட்டில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்த்து ஒதுக்க வேண்டும். மகள் எட்டாவது, மகன் மூன்றாவது. அவர்கள் அப்பா போய் ஏழு வருடம் ஆகிறது. எங்கே, ஏன் என்பதெல்லாம் இன்றைக்கு வேண்டாம், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்ஜெட் போடச் சொல்லித் தருகிறவர்கள் எல்லாரும் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்கள். எங்களுக்கு மாதமே கிடையாது, சனிக்கிழமைதான் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் கவர் கைக்கு வரும், எனக்கு 2,800 ரூபாய் போல. ராத்திரி ஒன்பது வரை நின்று ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் கொஞ்சம் கூடும், ஆனால் வீட்டில் பிள்ளைகள் இரண்டும் தனியாக இருக்கும். சனி ராத்திரி மளிகை, ஞாயிறு கறி, திங்கள் குழுக் கடன் தவணை, புதன்கிழமை காலையில் பர்சில் பஸ் ஏறக்கூடக் காசு இருக்காது. பஸ்ஸுக்கு இப்போது காசு வேண்டாம் என்பது வேறு விஷயம். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அந்தப் புதன்கிழமைகளில் நான் வேலைக்குப் போனதே அதனால்தான்.

நான்கு வருடம் இப்படி ஓட்டிய பிறகு ஒரு நாள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. வருடத்தில் 52 வாரம், மாதத்துக்கு நான்கு என்று வைத்தால் 48, மிச்சம் நான்கு சனிக்கிழமை. அதாவது சில மாதங்களில் ஐந்து சம்பளம். வாடகை 4,400 என்றால் நான்கு சனியில் 1,100 வீதம் எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுகிறேன், ஐந்தாவது சனிக்கு வாடகைப் பாரம் இல்லை. முன்பெல்லாம் அந்த வாரம் ஏதோ கையில் கொஞ்சம் தாராளமாக இருப்பதாகத் தோன்றும், ஏன் என்று தெரியாமலே செலவாகிவிடும். இப்போது ஜனவரியிலேயே காலண்டரில் அந்தச் சனிகளுக்கு வட்டம் போட்டுவிடுவேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கம்பெனி பூட்டுகிற வாரங்களுக்கு இரண்டு போய்விடும். ஒன்று ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு. ஒன்று காய்ச்சலுக்கு, எந்த வீட்டில்தான் காய்ச்சல் வராது?

சரி, கடனுக்கு வருகிறேன், ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஒரு குழுவில் வாங்கினேன். அந்தத் தவணைக்கு இன்னொரு குழு. மூன்றாவது எதற்கு என்று பிறகு சொல்கிறேன், வெட்கக்கேடு. மூன்றுக்கும் சேர்த்து வாரம் 1,450 ரூபாய், சம்பளத்தில் பாதிக்கு மேல். இப்படிக் கடன் கொடுக்கவே கூடாது என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது: ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதிப்படி, இந்த மாதிரிச் சிறு கடன் கொடுக்கும்போது வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காலை 9 மணிக்கு முன்னாலும் சாயங்காலம் 6 மணிக்குப் பின்னாலும் போன் போட்டு நெருக்கவும் கூடாது. என்னிடம் வசூலுக்கு வந்தவர் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்பார். பக்கத்து வீட்டு டிவி சத்தம் சட்டென்று குறையும். அந்தச் சத்தம் குறைகிறது பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்காது. தவணையைக்கூடத் தாங்கிவிடலாம்.

வெளியே வந்தது எப்படி என்றால், ஒரு பவுன் தோட்டை வங்கியில் அடகு வைத்துத்தான். நகை வைத்துக் கடன் அடைக்கிறது கெட்டிக்காரத்தனமா என்று கேட்பீர்கள். வங்கியில் நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய் போல வட்டி, குழுவில் இரண்டு ரூபாய்க்கு மேல். வாராவாரம் வாசலில் ஆளும் நிற்காது. இரண்டு கடன் முடிந்தது, மூன்றாவது ஓடுகிறது.

அந்த மூன்றாவதுதான் மொய்க் கடன். ஆமாம், மொய் எழுதக் கடன் வாங்கினேன். ஒரு வருடம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன், டீ, பன், பேனா ரீபிள் உட்பட. டீயை விட்டால் மிச்சமாகும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நோட்டு வேறு சொன்னது. கல்யாணம், காதுகுத்து, சீர், புது வீடு என்று அந்த வருடம் 14,500 ரூபாய் போயிருந்தது, என்னுடைய அந்த நான்கு உபரிச் சனியைவிட அதிகம். புருஷன் இருக்கிற அக்கா 500 எழுதின இடத்தில் நான் 1,001 எழுதியிருந்தேன். ‘ஆம்பளை இல்லாத வீடு, அதுதான் குறைத்துவிட்டாள்’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று. யாரும் சொல்லவில்லை, நானாகப் பயந்துகொண்டது.

இப்போது எங்கே போனாலும் 201தான். முதல் தடவை எழுதியபோது மொய் நோட்டுக்காரர் பேனாவை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். எனக்குக் காது சுட்டது. அப்புறம் நேராகப் பந்திக்குப் போய் இலைக்குத் தண்ணீர் தெளித்துப் பரிமாற நின்றுவிட்டேன், இரண்டு பந்தி. கல்யாண வீட்டு அத்தை போகும்போது சாம்பார் தூக்கு ஒன்றைக் கையில் கொடுத்தார். உறவு ஒன்றும் அறுந்துவிடவில்லை.

அரசாங்கம் தருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை எனக்கு வருகிறது, மகனுக்குக் காலைச் சாப்பாடு பள்ளியிலேயே. அதில் காசைவிடப் பெரிது காலையில் கிடைக்கும் இருபது நிமிடம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் என்பார்கள், லைன் வீட்டில் வாடகைக்கு இருந்து வீட்டுக்காரருக்கு யூனிட் கணக்கில் கொடுக்கிற எங்களுக்கு அது கண்ணில் பட்டதில்லை. கைவிடப்பட்ட பெண்களுக்கு உதவித்தொகை உண்டு, ஆனால் சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் விட்டுப்போய் ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். முதல் ஐந்து வருடம் பிள்ளைகள் பசிக்காமல் இருக்குமா என்று விதி எழுதியவரைக் கேட்க ஆசை. ஜீவனாம்சம் கேட்க வக்கீலுக்குக் காசில்லை என்று சும்மா இருக்காதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. கோர்ட்டு வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேளுங்கள்.

மனசு ரொம்பக் கனக்கிற ராத்திரிக்கு 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலி மனஸ், காசில்லை, எந்நேரமும் எடுப்பார்கள். நான் ஒரு தடவை கூப்பிட்டேன். தீர்வு ஒன்றும் சொல்லவில்லை, குறுக்கே பேசாமல் கேட்டார்கள், அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

போன வருடம் மகளின் பையில் சுற்றுலாவுக்குப் பணம் கேட்ட சீட்டு ஒன்று, நான்காக மடித்துப் புத்தக அட்டைக்குள் இருந்தது. 650 ரூபாய், தேதி முடிந்திருந்தது. ஏன் கண்ணு காட்டவில்லை என்றேன். “காசு இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்கம்மா, எனக்கு ஒன்னும் இல்லை. ‘அப்புறம் பார்க்கலாம்’னு மட்டும் சொல்லாதீங்க, நான் தினமும் பார்த்துக்கிட்டே இருப்பேன்” என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் எண்ணாகவே சொல்கிறேன்: இந்த வாரம் 200 மிச்சம், அதற்குள் என்ன முடியும் என்று. கடன்காரர் பேச்சு அவள் காதுக்குப் போவதில்லை, அது என்னோடு.

இப்போது காலண்டரில் வட்டம் போடுவது அவள் வேலை. தோடு இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. அடுத்த வட்டத்துக்கு நேரே, சின்ன எழுத்தில் ‘தோடு வட்டி’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.