விடை தெரியாத நிரலை எப்படிச் சோதிப்பது?

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியில் மென்பொருள் சோதனை பற்றிப் பாடம் நடத்துகிறேன். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இதைக் கேட்கிற கடலோடிகளுக்கும் கணினி படிக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்தே பேச வந்திருக்கிறேன்.

இன்று வல்லத்திலும் ஜிபிஎஸ் இருக்கிறது. காற்றும் அலையும் கைபேசிக்கு வந்துவிடுகின்றன. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், கடல்பரப்பின் வெப்பத்தையும் நீரிலுள்ள பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து, மீன் கூடக்கூடிய இடங்களைக் கணித்துச் சொல்கிறது. இத்தகைய வேலைகளுக்குச் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் இனி மேலும் மேலும் வரும். ஒரு நிரலை நம்பி ஒருவர் கடலுக்குப் போகிறார் என்றால், அதை யார், எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

விடை தெரிந்த கேள்வியைக் கொடுத்து, வருகிற விடையோடு ஒப்பிடுவதுதான் வழக்கமான சோதனை. ஆனால் நாளை விடியலில் தனுஷ்கோடிக்குத் தெற்கே அலை எவ்வளவு உயரும் என்பதற்கு யாரிடம் விடை இருக்கிறது? இருந்தால் நிரலே தேவையில்லை. இந்தச் சிக்கலை எலைன் வெயுக்கர் என்ற கணினி அறிவியலாளர் 1982இல் ஒரு கட்டுரையில் அலசினார். 1998இல் ஹாங்காங்கில் டி. ஒய். சென்னும் அவருடன் இருந்தவர்களும் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சிந்தனை அது.

ஏலக்கூடத்தில் எடை மெஷின் மேல் சந்தேகம் வருகிறது. கையில் எடைக்கல் இல்லை. இரண்டு கூடைகளையும் தனித்தனியே நிறுத்துவிட்டு, பிறகு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். கூட்டுத்தொகை இடித்தால் மெஷின் கெட்டிருக்கிறது. மீனின் உண்மையான எடை தெரியாமலேயே பிழையைப் பிடித்துவிட்டீர்கள். சென் சொன்னதும் இதுதான்: விடையைத் தேடாதே, விடைகளுக்கு இடையிலான உறவைப் பார். சைன் 37 டிகிரியின் மதிப்பு தெரியாவிட்டாலும், அது சைன் 143 டிகிரிக்குச் சமமாக இருந்தே தீர வேண்டும் அல்லவா!

இதற்கு நெருங்கிய ஒரு முறையைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். உலகமே நம்பிப் பயன்படுத்தும் ஜிசிசி, எல்எல்விஎம் என்ற இரு கம்பைலர்களில், அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருள்களில், அவர்கள் கண்டுபிடித்து உறுதியான பிழைகள் 147.

நம் கரைக்கு வருவோம். படத்தைப் பார்த்து மீனின் பெயர் சொல்லும் நிரல் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். காரல் மீனின் படத்தை இடவலமாகத் திருப்பினாலும், விடிகாலை வெளிச்சம்போல் சற்று மங்கலாக்கினாலும் அது காரல்தான். பெயர் மாறினால் பிழை. கடல் எல்லையை எச்சரிக்கும் நிரலில், படகு எல்லைக்கோட்டை விட்டு நம் கரைப்பக்கம் ஒரு கடல் மைல் தள்ளி வந்ததாகக் கொடுத்தால், எச்சரிக்கை முன்னைவிடக் கூடக் கூடாது.

இத்தகைய உறவுகளை எந்த மாணவரும் எழுதிவிடலாம். அலையும் காற்றும் அப்படியல்ல. நகரத்தில் உட்கார்ந்து நிரல் எழுதுபவர், காற்று கூடினால் எல்லாப் பக்கமும் அலை கூடும் என்று எழுதிவிடுவார். தென்மேற்கிலிருந்து சோழகக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும்போது, ராமேஸ்வரம் தீவின் மறைவில் வடகடல் கரையோரம் அடங்கிக் கிடப்பதை பாம்பன்காரர்தான் சொல்ல முடியும். வடக்கிலிருந்து வாடை வந்தால் நிலைமை தலைகீழ். தவறான உறவை வைத்துச் சோதித்தால், நல்ல நிரலைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுவோம். அதனால்தான் கடலோடியை இந்த ஆய்வில் பங்காளி என்கிறேன். வெறும் பயனாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முறைக்கு எல்லையும் உண்டு. எல்லா எடையையும் பாதியாகக் காட்டும் மெஷின் கூடைச் சோதனையில் தேறிவிடும். எந்தப் படத்தைக் காட்டினாலும் 'காரல்' என்று சொல்லும் நிரலும் அப்படியே. ஓர் உறவு போதாது, பல வேண்டும்.

கணினி படிக்கிற பிள்ளைகளே, 'இது கூடினால் அது குறையாது' என்ற வகையில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிந்ததையெல்லாம் கேட்டு எழுதுங்கள். பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் நீரின் ஏற்றவற்றம் பற்றிக் கேளுங்கள். எந்த மாதத்துக்கு, எந்தக் கடலுக்கு அது பொருந்தும் என்பதையும் மறக்காமல் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

நன்றி, வணக்கம்.