பெரியவர்களுக்கு ஓர் அறை வேண்டும்

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, இன்னொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு நமக்காக வந்திருக்கும் நூலகத் துறை உயர் அலுவலர் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி அன்போடு நாலு வார்த்தை சொன்ன செயலாளர் அவர்களே, மாணவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உளவியல் பேராசிரியர் அம்மா அவர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். உயர் அலுவலர் அவர்கள் வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பது பற்றி உளவியல் என்ன சொல்கிறது என்று பேசச் சொன்னார்கள். தார்ன்டைக், நோல்ஸ், கோல்ப், மெசிரோ, பண்டுரா என்று உளவியல், கல்வித் துறை அறிஞர்கள் ஐந்து பேரை எடுத்துக்கொள்கிறேன். ஐவருக்கும் முன்னால் நம் ஔவையைச் சொல்லாமல் என்னால் தொடங்க முடியாது. 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.' நான் ஏறுகிற மேடையெல்லாம் இதைச் சொல்கிறேன் என்று நண்பர்களுக்குத் தெரியும். அந்த வரியில் வயது எங்கேயாவது வருகிறதா, பாருங்கள். பழக்கம், அவ்வளவுதான்.

ஆனால் அறிஞர்கள் பலரே வயதைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினார்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எவ்வளவு பெரிய மேதை! அவரே 1890இல், சொந்தத் தொழிலுக்கு வெளியே ஒருவன் 25 வயதுக்குள் பெற்ற கருத்துகள்தான் அநேகமாக அவனுக்கு வாழ்நாள் முழுக்க என்று எழுதிவிட்டார். அதை அளந்து பார்க்கலாம் என்று கிளம்பியவர் எட்வர்ட் தார்ன்டைக். புதிர்ப் பெட்டிக்குள் பூனையை விட்டு, 'முயன்று தவறிக் கற்றல்' என்று நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதே தார்ன்டைக். 1928இல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட முடிவு இது: கற்கும் திறன் இருபதுகளில் உச்சத்துக்குப் போகிறது, அதன்பிறகு 45 வயதுவரை ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் இறங்குகிறது. ஒரே ஒரு சதவீதம்! 45 வயதுக்கு உட்பட்ட யாரும் 'எனக்கு வயதாகிவிட்டது' என்று சொல்லிப் படிப்பை விட வேண்டியதில்லை என்றார் அவர். அப்புறம் அவருடன் வேலை செய்த இர்விங் லார்ஜ், தேர்வில் நேரக் கெடுவைத் தளர்த்திப் பார்த்தார். வயதோடு குறைவது பெரும்பாலும் வேகம்தான், புரிந்துகொள்ளும் ஆற்றல் அந்த அளவுக்குக் குறைவதில்லை என்று தெரிந்தது. இந்தச் செய்தி வீடுவீடாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

லண்டன் கதை ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அங்கே கறுப்பு டாக்சி ஓட்ட வேண்டுமென்றால் 'தி நாலெட்ஜ்' என்ற தேர்வில் தேற வேண்டும். 1865இலிருந்து நடக்கிறது. நகரின் நடுவிலுள்ள சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கும் ஏறக்குறைய 25,000 தெருக்களும் மனப்பாடமாக இருக்க வேண்டும். பயிற்சிப் புத்தகத்தில் 320 வழித்தடங்கள். முதல் தடம் மேனர் ஹவுஸ் ரயில் நிலையத்திலிருந்து கிப்சன் சதுக்கம் வரை. பழகுகிறவர்கள் சிறிய மொபெட்டின் கைப்பிடியில் ஓர் அட்டையைப் பொருத்தி, வழித்தடத் தாளை அதில் செருகிக்கொண்டு, மழையிலும் குளிரிலும் தெருத் தெருவாகச் சுற்றுவார்கள். பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். சுற்றி முடித்தபின் இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்வார்: இந்தத் தெருவிலிருந்து இடது, சதுக்கத்தைத் தாண்டி வலது, நேரே போய்ப் பாலம். தவறினால் மறுபடி முதலிலிருந்து. பிறகு கோட்டு சூட்டு அணிந்து தேர்வாளர் முன்னால் போய் உட்கார வேண்டும். அவர் இரண்டு இடங்களின் பெயரை மட்டும் சொல்வார். வரைபடம் கிடையாது, ஒவ்வொரு தெருவாக ஒப்பிக்க வேண்டும். தேறத் தேற, ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் இடைவெளி 56 நாளிலிருந்து 28 ஆகி, 21 ஆகும். முழுக்க முடிக்க மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்! கை மொபெட்டில், நா வழித்தடத்தில்.

எலினார் மெக்வயர் என்ற விஞ்ஞானி இந்த ஓட்டுநர்களின் மூளையைப் படமெடுத்தார். இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிட இவர்களுக்குப் பெரிதாக இருந்தது. இது 2000இல். பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் அவரும் கேத்தரின் வூலெட்டும் 79 பேரைப் பயிற்சியின் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்தார்கள். ஆரம்பத்தில் எல்லோர் மூளையும் ஒரே மாதிரிதான் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து 39 பேர் தேறினார்கள். வளர்ச்சி அந்த 39 பேரிடம் மட்டும் தெரிந்தது. 2011இல் வந்த அந்த ஆய்வில் நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கும் செய்தி ஒன்று உண்டு: தேறியவர்கள் வாரந்தோறும் பயிற்சிக்கு ஒதுக்கிய நேரம், தேறாதவர்கள் ஒதுக்கியதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பயிற்சிக்கு முந்தைய சோதனைகளில் இரு தரப்பும் ஒன்றுதான். நேரத்தில்தான் வித்தியாசம்.

சரி, பெரியவர்கள் கல்வியைப் பற்றி எழுதிய மால்கம் நோல்ஸுக்கு வருவோம். படிக்க வந்த பெரியவருக்கு 'இதை நான் ஏன் படிக்க வேண்டும்' என்பது முதலில் தெரிய வேண்டும், அவருடைய அனுபவத்தை வகுப்பு மதிக்க வேண்டும், இன்றைய வாழ்க்கைக்கு அது உதவ வேண்டும் என்றார். 1970இல் இதைக் குழந்தைகள் கல்விக்கு எதிரானதாக வைத்தவர், பத்தாண்டு கழித்து இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்று மாற்றிக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே அவர்மீது எனக்கு மதிப்பு அதிகம். அனுபவித்து, யோசித்து, மறுபடி முயன்று கற்கிறோம் என்ற டேவிட் கோல்பின் 1984ஆம் ஆண்டு அனுபவச் சுழற்சி, கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை ஆராய்ந்து 1978இல் ஜாக் மெசிரோ சொன்ன, தன்னையும் உலகையும் பற்றிய எண்ணமே மாறிப்போகிற பார்வை மாற்றம், இரண்டையும் விரித்துப் பேச இன்று நேரமில்லை. பேராசிரியர் அம்மா அடுத்த கூட்டத்தில் பேச இசைவார் என்று நம்புகிறேன்.

ஆனால் பண்டுராவை விட மாட்டேன். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977இல் அவர் ஆராய்ந்தார். தானே செய்து ஜெயிப்பது முதல் வழி. தன்னைப்போன்ற இன்னொருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது அடுத்தது. நாற்பது வயதில் கணக்கு படிக்க வருகிறவர், பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயதுக்காரர் கணக்கு போடுவதைப் பார்க்க வேண்டும். எங்கே போய்ப் பார்ப்பார்? பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு, கல்லூரி இளைஞர்களுக்கு. நூலகமோ அவர் வேலை முடிந்து வரும் நேரத்தில் பூட்டிக் கிடக்கிறது. வீட்டில் வாய்விட்டுப் படிக்க இடம் கிடையாது. நாப்பழக்கத்துக்குச் சத்தம் போட ஓர் இடம் வேண்டாமா ஐயா?

உயர் அலுவலர் அவர்களே, எங்கள் வாசகர் வட்டம் கேட்பது பெரிய கட்டடமோ புதுப் பதவியோ இல்லை. ஒவ்வொரு நூலகத்திலும் ஓர் அறை, இரவு ஒன்பதரை மணி வரை. ஒரு கரும்பலகை, பத்து நாற்காலிகள், பேசிப் படிக்க அனுமதி. பாடம் நடத்த எங்கள் உறுப்பினர்கள் சம்பளமில்லாமல் வருகிறார்கள், பெயர்ப் பட்டியல் தயார். தீர்மானத்தின் நகலைச் செயலாளர் இப்போது தங்களிடம் தருவார். கையெழுத்துத் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. இன்னும் போடாதவர்கள் போகும்போது போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.