சால்டர் வாங்கும்போதே கழுவுவதையும் முடிவு செய்யுங்கள்

[திரையில்: ஒரு சால்டர் சுருளின் லேபிள், மிக நெருக்கத்தில்]

மின்னணுப் பாகங்களை சர்க்யூட் போர்டில் உருக்கி இணைக்கும் உலோகக் கம்பிதான் சால்டர். அதன் இந்தச் சுருளில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 63/37. தடிமன் 0.6 மி.மீ. ஃப்ளக்ஸ், அதாவது சால்டர் ஒட்டுவதற்காகக் கம்பிக்குள் வைத்திருக்கும் பொருள், 2.2 சதவீதம். கடைசியில் சின்ன எழுத்தில் ஆர்ஓஎல்0 என்று ஒரு குறியீடு. பலரும் முதல் இரண்டைப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். ஆனால் வேலை முடிந்தபிறகு போர்டின் மேல் என்ன மிச்சம் இருக்கும், அதை எதைக் கொண்டு எடுப்பது, எடுக்கத்தான் வேண்டுமா, இது எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்தக் கடைசிக் குறியீடு. சால்டர், ஃப்ளக்ஸ், கழுவுதல் மூன்றும் தனித்தனி விஷயங்கள் இல்லை, ஒரே முடிவின் மூன்று பக்கங்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் உலோகம்.

63/37 என்றால் 63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் காரீயம். இந்தக் கலவை 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகும், அதே 183-இல் சட்டென்று உறையும். 60/40 கொஞ்சம் வேறு மாதிரி. அது 183-இல் உருகத் தொடங்கி, கிட்டத்தட்ட 190-இல்தான் முழுத் திரவமாகிறது. ஆறும்போதும் அந்த இடைவெளியைக் கடந்துதான் வர வேண்டும். அந்த நேரத்தில் அது களிமாதிரி இருக்கும். உதிரிபாகத்தின் கால் லேசாக அசைந்தாலும் இணைப்புக்குள் விரிசல் விழும். வித்தியாசம் சில டிகிரிதான். ஆனாலும் இப்போதுதான் கையைப் பழக்கிக்கொள்கிறவர்களுக்கு 63/37-ஐத்தான் சொல்வேன், மறுயோசனை இல்லாமல்.

காரீயம் இல்லாத சால்டரும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஹெச்எஸ் விதி 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விற்பனைக்கு வரும் மின்னணுப் பொருட்களில், சில விலக்குகள் தவிர, காரீயம் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. தொழிற்சாலைகள் பெரும்பாலும் எஸ்ஏசி305-க்கு மாறின: 96.5 சதவீதம் வெள்ளீயம், 3 சதவீதம் வெள்ளி, அரை சதவீதம் செம்பு. இது 217-இலிருந்து 220 டிகிரிக்குள் உருகும். வெள்ளி சேர்க்காத, வெள்ளீயமும் செம்பும் மட்டும் கொண்ட கலவைக்கு 227 டிகிரி வேண்டும்.

சால்டரை உருக்கும் கருவியான அயர்னின் வெப்பத்தைக் காரீய சால்டருக்கு 320-இலிருந்து 350 வரையும், காரீயமில்லாததற்கு 350-இலிருந்து 380 வரையும் வைத்தால் பெரும்பாலான வேலைகள் நடந்துவிடும். ஆனால் வெப்பம் ஏற ஏற ஃப்ளக்ஸ் சீக்கிரம் கருகும், அயர்னின் முனையான டிப்பும் சீக்கிரம் தேயும். அப்புறம், காரீயமில்லாத இணைப்பு பளபளவென்று இருக்காது. சற்று மங்கலாக, மணல் தூவியதுபோல இருக்கும், அதுதான் அதன் இயல்பு. பளபளப்பு வரவில்லையே என்று திரும்பத் திரும்பச் சூடாக்கினால் பேட், அதாவது பாகத்தின் காலை இணைக்கும் செம்புத் திட்டு, போர்டிலிருந்து பெயர்ந்து வந்துவிடும்.

[திரையில்: பழைய சால்டரை உறிஞ்சிய விக், அதன் பக்கத்தில் சுத்தமான பேட்கள்]

பிஸ்மத் என்ற உலோகம் கலந்த சால்டர் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 42 சதவீதம் வெள்ளீயம், 58 சதவீதம் பிஸ்மத் உள்ள கலவை 138 டிகிரியிலேயே உருகிவிடும். சூடு தாங்காத பாகங்களுக்கு நல்லது. ஆனால் அது காரீயத்துடன் கலந்தால், இணைப்பின் ஒரு பகுதி 96 டிகிரி அளவிலேயே உருகக்கூடும். கொஞ்சம் சூடாகிற பவர் போர்டில் அது போதும், கால் தளர்ந்துவிடும். சிப்பைக் கழற்ற இந்த வகை சால்டரைப் பயன்படுத்தினால், புதிய சிப்பை வைப்பதற்கு முன் பேட்களை விக் (உருகிய சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்து முழுவதுமாகத் துடைத்து எடுங்கள்.

கம்பியின் தடிமனுக்கு அதிக யோசனை வேண்டாம். போர்டின் துளையில் கால் நுழைக்கும் வழக்கமான பாகங்களுக்கு 0.8 மி.மீ., போர்டின் பரப்பிலேயே ஒட்டும் நுண்ணிய பாகங்களுக்கு 0.5 அல்லது அதற்கும் கீழே.

காரீயம் பற்றிய பயத்தைச் சரியான இடத்தில் வையுங்கள். அதன் கொதிநிலை 1,749 டிகிரி. அயர்னின் வெப்பத்தில் அது ஆவியாகி மூக்கில் ஏறுவது கணக்கில் கொள்ளும் அளவுக்கு இல்லை. ஆபத்து கை வழியாக வாய்க்குப் போவதில் இருக்கிறது. வேலை மேசையில் சாப்பிடாதீர்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகள் கையாளப்போகும் பொருளுக்குக் காரீயமில்லாத சால்டரையே பயன்படுத்துங்கள். கண்ணுக்குத் தெரிகிற அந்தப் புகை ஃப்ளக்ஸிலிருந்து வருவது. ஃப்ளக்ஸில் இருக்கும் ரோசின் என்ற பிசினின் புகையைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், இது தொழிலிடங்களில் நன்கு அறியப்பட்ட நோய். புகையைப் பக்கவாட்டில் இழுத்துவிடும் ஒரு சின்ன ஃபேனாவது மேசையில் இருக்கட்டும்.

[திரையில்: கறுத்துப்போன செம்பு பேட், அதன் மேல் உருண்டையாக நிற்கும் சால்டர்]

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

இது நெடுநாள் திறந்து கிடந்த ஒரு செம்பு பேட். பழுப்பேறியிருக்கிறது. உள்ளே ஃப்ளக்ஸ் இல்லாத கம்பியை இதன்மேல் உருக்குகிறேன். பாருங்கள், சால்டர் உருண்டையாகத் திரண்டு நிற்கிறது, அயர்ன் போகிற பக்கமெல்லாம் கூடவே ஓடுகிறது, பேட்டில் ஒட்டவே இல்லை. வெப்பத்தைக் கூட்டினாலும் இதே கதைதான். இப்போது ஊசி முனையளவு ஃப்ளக்ஸ் வைக்கிறேன். லேசாகச் சீறுகிறது... உருண்டை அப்படியே படுத்து, பேட்டின் ஓரம்வரை பரவிவிட்டது.

நடந்தது இதுதான். செம்பின் மேல் ஆக்சைடு படலம் இருந்தது. சால்டர் செம்புடன் சேரும், ஆக்சைடுடன் சேராது. ரோசின் என்பது பைன் மரப்பிசினிலிருந்து எடுப்பது, அதன் பெரும்பகுதி அபியெடிக் அமிலமும் அதன் உறவு அமிலங்களும். கெட்டியாக இருக்கும்போது சும்மா கிடக்கும். சூட்டில் உருகியதும் அமிலமாக வேலை செய்து ஆக்சைடைக் கரைத்துத் தன்னோடு எடுத்துக்கொள்ளும், புதுக் காற்று படாமல் மூடியும் வைக்கும். ஆறியதும் திரும்பக் கெட்டியாகி, மின்சாரத்தைக் கடத்தாத ஒரு மேலோடாக உட்கார்ந்துவிடும். சில சமயம் அதில் லேசான பச்சை நிறம் தெரியும். துரு என்று பதற வேண்டாம், கரைந்த செம்பு ரோசினில் சேர்ந்ததால் வந்த நிறம் அது.

வாங்கக் கிடைக்கும் ஃப்ளக்ஸ்கள் எல்லாம் இவ்வளவு சாதுவானவை அல்ல.

தண்ணீரில் கரையும் வகையில் வீரியமான கரிம அமிலங்கள் இருக்கும். சால்டர் அருமையாக ஓடும். ஆனால் மிச்சம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, செம்பை அரிக்கத் தொடங்கிவிடும். அன்றைக்கே கழுவியாக வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குழாய் வேலைக்கான பேஸ்டில் துத்தநாக குளோரைடு, அம்மோனியம் குளோரைடு போன்றவை இருக்கும். அதை சர்க்யூட் போர்டின் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். எதில் செய்தது என்று லேபிளே இல்லாத பேஸ்ட் டப்பாவுக்கும் இதே பதில்தான்.

அடுத்தது நோ-கிளீன். பெயரைப் பார்த்து நம்பிவிடுகிற ஃப்ளக்ஸ் இது. கழுவ வேண்டாம் என்ற அந்த வாக்குறுதிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: ஃப்ளக்ஸ் முழுதாகச் சூடேறியிருக்க வேண்டும். கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் எப்படியும் சூடேறிவிடும். ஆனால் ஃப்ளக்ஸ் பேனாவால் தாராளமாகப் பூசினால், அயர்ன் தொடாத இடத்துக்கும், சிப்பின் அடிக்கும் அது ஓடிப் போகும். அங்கே அது வேலை முடியாத அமிலமாகவே தங்கிவிடும். பேனாவை உபயோகித்தால் நோ-கிளீனாக இருந்தாலும் கழுவுங்கள்.

[திரையில்: மீண்டும் லேபிள், ஆர்ஓஎல்0 மட்டும் பெரிதாக]

இப்போது அந்தக் குறியீட்டைப் படிக்கலாம். ஜே-எஸ்டிடி-004 என்ற தரநிலையிலிருந்து வருவது. முதல் இரண்டு எழுத்து எதனால் செய்தது என்று சொல்லும்: ஆர்ஓ என்றால் ரோசின், ஆர்இ என்றால் செயற்கை ரெசின், ஓஆர் என்றால் கரிம அமிலம், ஐஎன் என்றால் கனிமம். மூன்றாவது எழுத்து வீரியம்: எல் குறைவு, எம் நடுத்தரம், எச் அதிகம். கடைசி எண் 0 என்றால் ஹேலைடு (குளோரைடு போன்றவை) இல்லை அல்லது 0.05 சதவீதத்துக்கும் கீழ். 1 என்றால் அதற்கு மேல். பொழுதுபோக்கு வேலைக்கு ஆர்ஓஎல்0 அல்லது ஆர்இஎல்0 போதும். ஓஆர்எச்1 என்று பார்த்தால், பக்கத்தில் காய்ச்சி வடிகட்டிய தண்ணீர் தயாராக இருக்கிறதா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

கம்பி, பேனா, சிரிஞ்சில் வரும் ஜெல், இவை எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கட்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ரோசின் கம்பியோடு, தண்ணீரில் கரையும் ஜெல்லைச் சேர்த்தால் என்ன ஆகும்? தண்ணீர் விட்டால் ரோசின் கரையாது, அடியில் சிக்கிய அமிலத்துக்கு மூடியாக நிற்கும். ஆல்கஹால் விட்டால் ரோசின் போகும், அமிலம் முழுதாகப் போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இரண்டு முறை, இரண்டு விதமாகக் கழுவ வேண்டியதாகிவிடும்.

சரி, கழுவுவது.

எல்லா போர்டையும் கழுவியாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ரோசின் அல்லது நோ-கிளீன் கம்பியால் மட்டும் செய்த, எல்இடி எரியவிடும் போர்டை அப்படியே விடலாம். ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் சிப்பான ஒரு ஆப்-ஆம்பின் உள்ளீட்டில் 1 மெகாஓம் ரெசிஸ்டர். பக்கத்தில் 5 வோல்ட் தடம். இரண்டுக்கும் நடுவே அழுக்கான மிச்சம், ஈர நாளில் அதன் மின்தடை 100 மெகாஓம். மல்டிமீட்டர் பெரும்பாலும் அதைத் திறந்த சர்க்யூட் என்றே காட்டும். ஆனால் அதன் வழியே 50 நானோஆம்பியர் கசியும்; 1 மெகாஓமில் அது 50 மில்லிவோல்ட் பிழை. சென்சார் அளவீடு காலையில் ஒன்று, மழை பெய்தால் இன்னொன்று என்று அலையும், நீங்கள் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். காசு பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டும் இப்படித்தான்: தூக்க நிலையில் 1 மைக்ரோஆம்பியர் மட்டும் எடுக்கும் இடத்தில், 3 வோல்ட்டில் 1 மெகாஓம் கசிவு 3 மைக்ரோஆம்பியரைக் கூட்டிவிடும். பேட்டரி ஆயுள் கால்வாசியாகக் குறையும்.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. அயனிகள், ஈரம், மின்னழுத்தம் மூன்றும் சேர்ந்தால் உலோகமே கரைந்து, எதிர்மின்முனையிலிருந்து வேர்மாதிரி மெல்லிய கிளைகளாக வளர்ந்து பக்கத்துத் தடத்தைத் தொட்டுவிடும்.

[திரையில்: ஆல்கஹாலால் லேசாகத் துடைத்த போர்டு, வெள்ளைப் படலத்தோடு]

இந்த வெள்ளைப் படலம் ஏன் வருகிறது தெரியுமா? அரைகுறையாகக் கழுவியதால். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்கும்போது ரோசின் கரைகிறது, ஆனால் போர்டை விட்டுப் போவதில்லை. இங்கே இருந்தது அங்கே பரவுகிறது. ஆல்கஹால் ஆவியாகிறது, கரையாத உப்புகளும் ரோசினும் மெல்லிய படலமாக மிஞ்சுகின்றன. முன்பு ரோசினுக்குள் அடைபட்டுச் சும்மா கிடந்த அயனிகள் இப்போது வெளியே திறந்து கிடக்கின்றன. கழுவாமல் விட்டிருந்தாலே நல்லது. ஆகவே ஒன்று முழுதாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

முழுதாக என்றால் இப்படி. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். 70 சதவீதத்தில் மீதி தண்ணீர்தான், ரோசின் சரியாகக் கரையாது, காயவும் நேரமாகும். அயர்னை அணைத்து ஆறவிடுங்கள். இந்த ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும், ஜன்னலும் திறந்திருக்கட்டும். போர்டைச் சாய்த்துப் பிடியுங்கள். மேலிருந்து தாராளமாக ஊற்றி, குட்டையான முடியுள்ள பிரஷால் தேய்த்து, அழுக்குத் திரவம் கீழ்ப்பக்கமாக வழிந்து போகவிடுங்கள். பிறகு புது ஆல்கஹாலால் ஒரு அலசல். பஞ்சு நூல் விடாத துணியை ஈரமான போர்டின் மேல் விரித்து, அதன் மேலேயே பிரஷால் தட்டினால், கரைந்ததெல்லாம் துணிக்குள் ஏறிவிடும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். அசிட்டோன் வேண்டாம், பல பிளாஸ்டிக் உறைகளையும் கனெக்டர்களையும் அது கரைத்துவிடும்.

தண்ணீரில் கரையும் ஃப்ளக்ஸுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், அதே பிரஷ், கடைசி அலசல் கட்டாயம் காய்ச்சி வடிகட்டிய தண்ணீரில். குழாய்த் தண்ணீரின் உப்பு போர்டில் தங்கினால் செய்த வேலைக்கு அர்த்தமில்லை.

மைக்ரோஃபோன், பஸ்ஸர், மூடப்படாத ரிலே, ஸ்விட்ச், திருகு ரெசிஸ்டர், ஈரப்பத சென்சார் இவற்றுக்குள் திரவம் போகக் கூடாது. கரைந்த ரோசின் ஸ்விட்சுக்குள் போய்க் காய்ந்தால் தொடுமுனை ஒட்டாது. போர்டைக் கழுவி முடித்தபிறகு இவற்றைக் கடைசியாகப் பொருத்தி, நோ-கிளீன் கம்பியால் மட்டும் சால்டர் செய்து அப்படியே விட்டுவிடுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டி (ஒலி அதிர்வால் கழுவுவது) வைத்திருப்பவர்களும் கவனியுங்கள், அந்த அதிர்வு கிரிஸ்டல்களையும் மெம்ஸ் பாகங்களையும் (நுண்ணிய அசையும் உறுப்புள்ள சிப்கள்) உடைக்கக்கூடும்.

காய்வதற்கு நேரம் கொடுங்கள். மேலே காய்ந்திருந்தாலும் சிப்பின் அடியில் திரவம் நிற்கும். மிதமான வெப்பக்காற்றைச் சில நிமிடங்கள் காட்டுங்கள், தண்ணீரில் கழுவியது என்றால் இன்னும் அதிக நேரம். பேட்டரியை அதற்கப்புறம்தான் மாட்ட வேண்டும்.