மொய் நோட்டும் ஆல்பமும்: திருமண வரவேற்பை முதன்முறையாகப் படமெடுப்பவருக்கு

[காட்சி: காலியான கல்யாண மண்டபம். மேடையில் பூ அலங்காரம் நடந்துகொண்டிருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் மாலை நான்கரை மணி.]

வணக்கம். திருமணம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஆல்பம் வீட்டுக்கு வரும்போது, அதை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுபவர் பெரும்பாலும் மணமகளின் தாயாரோ பெரியம்மாவோதான். அவர் ஒளியமைப்பைப் பாராட்டுவதில்லை. பின்னணி எவ்வளவு அழகாக மங்கியிருக்கிறது என்று பார்ப்பதுமில்லை. "திண்டுக்கல் சித்தப்பா குடும்பத்தோடு வந்தாரே, அவர் படம் எங்கே?" என்று கேட்கிறார். மொய் நோட்டில் பெயரும் தொகையும் இருப்பதைப் போல, வரவேற்பு ஆல்பத்தில் வந்தவர்களின் முகம் இருந்தாக வேண்டும் என்பதே அந்தக் கேள்வியின் பொருள். நம் ஊர் வரவேற்பில் புகைப்படக்காரர் எழுதுவது இன்னொரு வருகைப் பதிவேடு. முதன்முறையாகக் கேமராவோடு மண்டபத்துக்குள் நுழைபவர் இதைப் புரிந்துகொண்டுவிட்டால், எந்த லென்ஸைப் போடுவது, எங்கே நிற்பது, எந்த ஆசையை அன்று ஒத்திவைப்பது என்பவற்றை முடிவு செய்வது எளிதாகிவிடும்.

சென்னையிலும் தமிழகத்தின் வேறு பல ஊர்களிலும் வரவேற்பு என்பது முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலையில் நடப்பது. மணமக்கள் மேடையில் நிற்க, விருந்தினர்கள் ஒரு பக்கத்துப் படியில் ஏறி, வாழ்த்தி, கவரைக் கையில் கொடுத்து, படத்துக்கு நின்று, மறுபக்கத்துப் படியில் இறங்கிப் பந்திக்குப் போகிறார்கள். 400 பேர் வருகிறார்கள், மணமக்கள் இரண்டரை மணி நேரம் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நான்கு பேராக ஏறினாலும் 100 குழுக்கள். இருப்பதோ 150 நிமிடங்கள். ஆகவே ஒரு குழுவுக்குக் கிடைப்பது 90 விநாடி. படியேறுவதும், நலம் விசாரிப்பதும், புடவைத் தலைப்பைச் சரிசெய்வதும், அழுகின்ற குழந்தையைச் சமாதானப்படுத்துவதும் அந்த 90 விநாடிக்குள்ளேயே நடந்தாக வேண்டும் என்பதால், உங்கள் பங்காக மிஞ்சுவது பத்து விநாடிதான். பத்து விநாடியில் கேமராவின் அளவுகளை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அவை அனைத்தும் முதல் விருந்தினர் ஏறுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

[காட்சி: மேடையின் வரைபடம். இரண்டு ஓரங்களிலும் ஸ்டாண்டில் ஏற்றிய வெள்ளைக் குடைகள்; நடுவில் மணமக்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளி.]

அதனால்தான் பத்திரிகையில் ஆறரை மணி என்று அச்சிட்டிருந்தால் நான்கரைக்கே போய்ச் சேருங்கள் என்கிறேன். அலங்காரக்காரர்களில் ஒருவரை இரண்டு நிமிடம் மேடை நடுவில் நிற்கச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள். மறுக்க மாட்டார்கள், படத்தைக் காட்டினால் மகிழவும் செய்வார்கள்.

வீட்டு விழாக்களில் ஃபிளாஷைக் கூரையை நோக்கித் திருப்பி, அங்கிருந்து திரும்பி வரும் மென்மையான ஒளியில் படமெடுத்துப் பழகியவர்கள் மண்டபத்தில் ஏமாந்துபோவார்கள். மண்டபத்தின் கூரை மிக உயரமாக இருக்கும். பல இடங்களில் அதற்கு அழுத்தமான வண்ணமும் பூசியிருப்பார்கள். போன ஒளி திரும்பி வராது, வந்தாலும் அந்த வண்ணத்தைப் பூசிக்கொண்டு வரும். கேமராவின் தலையிலேயே ஃபிளாஷை வைத்து நேராக அடித்தால், காஞ்சிபுரப் பட்டின் சரிகையும் கழுத்து நகைகளும் வெள்ளைத் திட்டுகளாகத் தெறிக்கும், முகம் தட்டையாகும். ஆகவே மேடையின் இரு ஓரங்களிலும் ஸ்டாண்டு நிறுத்தி, ஒளியை மென்மையாக்கும் குடையோ, வெள்ளைத் துணி போர்த்திய பெட்டியான சாஃப்ட்பாக்ஸோ பொருத்திய ஃபிளாஷ்களை, கம்பியில்லாமல் தூரத்திலிருந்தே அவற்றை அடிக்க வைக்கும் ரேடியோ டிரிகர் மூலம் இயக்குவதே நம்பகமான வழி.

அந்த விளக்குகளை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். ஒளி மூலத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால், அங்கு விழும் ஒளி நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். குடை, வரிசையின் ஓரத்தில் நிற்கும் மாமாவுக்கு ஒன்றரை மீட்டரிலும் நடுவில் நிற்கும் மணமகளுக்கு மூன்று மீட்டரிலும் இருந்தால், மாமாவின் மீது மணமகளைப் போல நான்கு மடங்கு ஒளி விழும். அவருடைய வெள்ளைச் சட்டை எரிந்து போகும், அன்றைய நாயகி இருளில் நிற்பார். விளக்கை எட்ட வைத்து, உயரமாகத் தூக்கி, நடுவை நோக்கிச் சாய்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு பெருமளவு குறைந்துவிடும். உயரத்தில் வைப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு: மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களின் கண்ணை மறைக்கும் வெள்ளைப் பளபளப்பு விலகிவிடும். நம் விருந்தினர்களில் கண்ணாடி அணியாத பெரியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

[காட்சி: ஒரே மேடை, இரண்டு படங்கள். ஒன்றில் பின்னணித் திரையின் மீது கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன, மற்றொன்றில் இல்லை.]

இப்போது மண்டபத்தின் விளக்குகளைக் கவனியுங்கள். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது என்பதால், சாதாரண மின்விளக்குகள் பலவும் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு 100 முறை ஒளி கூடியும் குறைந்தும் துடிக்கின்றன. ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/100 அல்லது 1/50 விநாடியில் வைத்தால், அது அந்தத் துடிப்போடு ஒத்துப்போவதால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழாமல் தப்பிக்கலாம். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்திருந்தால் அது வேறொரு தாளத்தில் துடிக்கும். அதற்குப் பொதுவான எண் எதுவும் கிடையாது, சோதித்துத்தான் வேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷட்டர் இவ்வளவு மெதுவாக இருந்தால் ஆட்கள் அசைந்துவிடுவார்களே என்று கவலைப்பட வேண்டாம்: மேடையில் முகங்களின் மீது விழும் ஒளியில் பெரும்பகுதி ஃபிளாஷினுடையது, அதன் மின்னலோ விநாடியில் மிகச் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுவதால் அசைவை அதுவே உறைய வைத்துவிடும்.

இளஞ்சிவப்பு, நீலம் என்று மாறி மாறி ஒளிரும் வண்ண விளக்குகள் முகத்தில் விழுந்தால், வெள்ளைச் சமநிலையை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தத்தை) எப்படித் திருத்தினாலும் மனிதத் தோலின் நிறம் மீண்டு வராது. விளக்குப் பொறுப்பாளரிடம் பணிவாகப் போய், வண்ணங்கள் பின்னணியோடு நிற்கட்டும், முன்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விழா தொடங்கிய பிறகு கேட்டால் அவரைத் தேடிப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆகும். வீடியோ எடுப்பவரிடமும் அதேபோல் பேசி, அவர் எங்கே நிற்பார், அவருடைய விளக்கு எந்தப் பக்கம் என்று உடன்பாடு செய்துகொள்ளுங்கள். இரண்டரை மணி நேரம் தோளோடு தோள் உரசி நிற்கப்போகிறவர் அவர்.

தொடக்கத்துக்கு ஓர் அளவு சொல்கிறேன்: மேனுவல் முறை (எல்லா அளவையும் நாமே அமைப்பது), ஷட்டர் 1/100, லென்ஸின் துளை எஃப் 5.6 (எண் சிறிதானால் துளை பெரிது, தெளிவாகத் தெரியும் ஆழம் குறைவு), ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறன் 800, ஃபிளாஷ் கால் பங்குச் சக்தி, வெள்ளைச் சமநிலை 5500 கெல்வின் அருகே நிலையாக. ஃபிளாஷை முழுச் சக்தியில் வைத்தால் ஒவ்வொரு முறையும் அது மீண்டும் நிரம்பச் சில விநாடிகள் பிடிக்கும். உங்களிடம் மொத்தமாக இருப்பதே பத்து விநாடி என்பதை மறக்க வேண்டாம். தானியங்கி முறையை நம்பாததற்குக் காரணம், பின்னால் ஒளிரும் திரையையும் மணமகனின் கறுப்புக் கோட்டையும் பார்த்துக் கேமரா ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு முடிவுக்கு வரும் என்பதே.

எஃப் 5.6 என்பதற்கு நான் கொடுத்த விலை தனி. என் முதல் வரவேற்பில், பின்னணி மங்கலாக இருந்தால்தான் தொழில்முறைப் படம் என்ற நம்பிக்கையில் 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து வைத்துக்கொண்டு எடுத்தேன். முழுச்சட்டகக் கேமராவில் (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) அந்த லென்ஸ் நான்கு மீட்டர் தூரத்தில் தெளிவாகக் காட்டும் ஆழம், முன்னும் பின்னுமாகச் சேர்த்து, ஏறத்தாழ 70 சென்டிமீட்டர்தான். மணமக்கள் துல்லியமாக இருந்தார்கள். ஈரடி தள்ளிப் பின்வரிசையில் நின்றிருந்த மணமகளின் தாத்தா எல்லாப் படங்களிலும் பனிமூட்டத்துக்குள் நின்றார். அதே நான்கு மீட்டரில் 35 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 5.6-இல் வைத்திருந்தால், இரண்டரை மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து எட்டு மீட்டருக்கு மேல் வரை தெளிவு கிடைத்திருக்கும். மூன்று வரிசை நின்றாலும் ஒருவர்கூட மங்கியிருக்க மாட்டார். கணக்கு தெரிந்திருந்தும் அழகுக்கு ஆசைப்பட்டேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

[காட்சி: ஸ்டூல் மீது நின்று படமெடுக்கும் புகைப்படக்காரர். அவருடைய கேமராவும் மணமக்களின் மார்பும் ஒரே உயரத்தில்.]

நிற்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. மேடை மூன்றடி உயரம் என்றால், தரையில் நின்று எடுக்கும் படத்தில் எல்லோருடைய தாடையும் மூக்குத் துளையுமே முதலில் தெரியும். உறுதியான ஸ்டூல் ஒன்றைப் போட்டு ஏறி நில்லுங்கள். பெரிய கூட்டம் ஏறும்போது லென்ஸை 24 மில்லிமீட்டருக்கு விரிப்பதைவிடப் பின்னால் நகர்வது நல்லது, ஏனெனில் விரிகோண லென்ஸ் ஓரத்தில் நிற்பவரை அகலவாக்கில் இழுத்துவிடும். ஓரத்தில் நிற்பவர் எப்போதும் மணமகனின் அத்தையாகவே அமைவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. முழு உருவம் எடுத்தால் புடவைக் கரையும் பாதமும் உள்ளே இருக்கட்டும். நெருங்கினால் முழங்காலுக்கு மேலே வெட்டுங்கள், கணுக்காலில் வெட்ட வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று படம் எடுங்கள், ஒன்றில் யாராவது கண் சிமிட்டியிருப்பார்கள். உறவினர்களின் கைபேசிகள் பத்துத் திசையில் நீண்டிருக்கும் என்பதால், கையை உயர்த்தி "எல்லாரும் இங்கே பாருங்க" என்று ஒரே ஒரு முறை உரக்கச் சொல்லி, உடனே எடுத்துவிடுங்கள்.

இனி ஆட்களைப் பற்றி. பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுத்தாலும் உங்களுக்கு முகம் தெரியாது. இரு வீட்டாரிலிருந்தும் உறவினர் அனைவரையும் அறிந்த ஒருவரை, மணமகளின் அண்ணனையோ மணமகனின் அத்தையையோ, உங்கள் அருகில் நிற்க வைத்துக்கொண்டால், "தம்பி, இவர்தான் தாய்மாமன், தனியாக ஒன்று எடுங்க" என்ற குரல் சரியான நேரத்தில் வந்துவிடும். முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை என்றால் இன்னும் தாலி ஏறவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தோளில் கை போட்டு நிற்பது மணமக்களுக்கு இயல்பாக இருந்தாலும் முன்வரிசைப் பெரியவர்களுக்கு அப்படி இருக்காமல் போகலாம். இணையத்தில் பார்த்த நெருக்கமான நிலைகளைக் கேட்பதற்கு முன் மணமக்களிடம் தனியாக ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது எல்லோருடைய மானத்தையும் காப்பாற்றும்.

கூட்டத்தில் ஒருவரைக் குறிப்பாகத் தேடச் சொல்வேன். கணவரை இழந்த பாட்டிமார்களில் பலர், மங்கல மேடையில் தாம் ஏறக் கூடாது என்று தாமாகவே ஒதுங்கி, கடைசி வரிசை நாற்காலியில் மாலை முழுவதும் அமர்ந்திருப்பார்கள். முழங்கால் வலி என்று காரணம் சொல்வார்கள். அந்த வழக்கத்தை நான் ஏற்பதில்லை, ஆனால் கூலிக்கு வந்த புகைப்படக்காரர் மண்டபத்தில் அதைப் பற்றி வாதம் செய்ய முடியாது. வரிசை ஓய்ந்த பிறகு மணமகளிடம் மெதுவாகச் சொன்னால் போதும், அவரே கீழே இறங்கிப் பாட்டியின் நாற்காலிக்குப் போய்விடுவார். அங்கே குடையும் ஸ்டாண்டும் இருக்காது. ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றி, கேமரா ஃபிளாஷைப் பக்கத்துச் சுவரின் வெள்ளைப் பரப்பை நோக்கித் திருப்பி எடுங்கள். சற்றே புள்ளி புள்ளியாக இருந்தாலும் அந்தப் படம் ஆல்பத்தில் இடம்பெறும்.

பந்தியைப் பொறுத்தவரை, இலையில் பரிமாறுவதையும் பெண்ணின் தந்தை வரிசை வரிசையாகப் போய் விசாரிப்பதையும் எடுத்தால் போதும். வாயருகே கவளம் இருக்கும்போது யாரையும் எடுக்காதீர்கள். உங்கள் சாப்பாட்டைப் பற்றியும் குடும்பத்தில் ஒருவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். புகைப்படக்காரர் கீழே போகும் நேரத்தில் பெரும்பாலும் ரசம் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

[காட்சி: இரவு பதினொன்றரை. மண்டபத்து அறையில் மடிக்கணினி, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், சிவப்பு விளக்கு எரியும் சார்ஜர்கள்.]

2.4 கோடி பிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு (கேமரா சுருக்காமல், திருத்தாமல் பதியும் மூலப் படம்) ஏறத்தாழ 25 மெகாபைட் என்று கொண்டால், 1,500 படங்களுக்கு 37 ஜிகாபைட்டுக்கு மேல் ஆகும். கேமராவில் இரண்டு கார்டு இடங்கள் இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி தொடக்கத்திலேயே அமைத்துவிடுங்கள். மண்டபத்தை விட்டுக் கிளம்புமுன் எல்லாவற்றையும் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுத்து, சில கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கார்டுகளை அன்றிரவு அழிக்கக் கூடாது. முகூர்த்தத்துக்கு வேறு கார்டுகள் வேண்டும் என்பதால், வரும்போதே இரட்டை எண்ணிக்கையில் கொண்டு வாருங்கள்.

காலை ஆறு மணிக்கு முகூர்த்தம் என்றால் நீங்கள் நான்கரைக்கு மீண்டும் மேடையில் இருக்க வேண்டும். ஃபிளாஷ் பேட்டரிகளை இப்போதே மின்னேற்றத்தில் போடுங்கள். அறையில் இருக்கும் ஒரே பிளக் பாயிண்டை மேக்கப் செய்பவரின் முடி உலர்த்தி எந்த நேரமும் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால், பல துளைகள் கொண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று உங்கள் பையிலேயே இருக்கட்டும்.