குட்டி பிறந்த பண்ணைக்கு என்ன கிடைக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

குதிரைப் பந்தயம் என்றதும் நம் ஊரில் முதலில் ஞாபகத்துக்கு வருவது பந்தயம் கட்டுவதுதான். யார் எவ்வளவு விட்டார், யாருடைய வீடு கைமாறிப் போனது என்று குடும்பத்துக்கு ஒரு கதை இருக்கும். நான் இன்று அந்தப் பக்கம் போகப் போவதில்லை. கிண்டியில் ஓடுகிறதே ஒரு குதிரை, அது எங்கே பிறந்தது, அதைப் பிறக்க வைத்து வளர்த்தவருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்த நாளிலிருந்தே என் மனதை விட்டுப் போகாத விஷயம் இது.

ஓடுகிற குதிரையை எல்லோரும் பார்க்கிறோம். ஜெயித்தால் உரிமையாளருக்குக் கோப்பை, ஜாக்கிக்குக் கைதட்டல். மறுநாள் செய்தித்தாளில் பயிற்சியாளர் பெயரும் வரும். குட்டி பிறந்த பண்ணையின் பெயர் பந்தயப் புத்தகத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பணமும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது.

ஒரு குட்டி பிறக்கிற ராத்திரி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஓசூர் பக்கம் ஒரு சிறிய பண்ணை. பெட்டைக் குதிரை நிறைசினை. ஏறக்குறைய பதினோரு மாதம் சுமந்துவிட்டது. காம்பு நுனியில் மெழுகுத் துளி மாதிரி ஒன்று திரண்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் பண்ணைக்காரருக்குத் தூக்கம் கிடையாது. பெரும்பாலும் நடுச்சாமத்துக்கு மேல்தான் ஈனும். ஆள் நடமாட்டம் அடங்கட்டும் என்று அது காத்திருக்கும். விலாவில் வியர்வை, படுக்கும், எழும், மறுபடி படுக்கும். முதலில் முன்னங்கால் இரண்டும் வரும், ஒன்று சற்று முன்னே, ஒன்று சற்றுப் பின்னே. அந்தக் கால்களின் மேல் மூக்கை வைத்தபடி தலை வரும். குட்டியைச் சுற்றி வருகிற பை வெளிறிய நிறமாக இருக்க வேண்டும். செக்கச்செவேல் என்று வந்தால் யோசிக்கக் கூடாது, உடனே கிழித்துக் குட்டிக்கு மூச்சு விட வழி செய்ய வேண்டும். எல்லாம் நிமிடக் கணக்குதான்.

பிறந்த குட்டியின் குளம்பைத் தொட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அடியில் ரப்பர் மாதிரி மெத்தென்று, விரல் விரலாக ஒரு சதை. தாயின் கருப்பையைக் குளம்பு கிழித்துவிடாமல் இருக்க இயற்கை மாட்டிய உறை அது. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் தேய்ந்து போய்விடும். குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழுந்துவிட வேண்டும். இந்த மூன்றில் எது தவறினாலும் மருத்துவரைக் கூப்பிட வேண்டியதுதான். சீம்பாலில்தான் நோய் எதிர்ப்புச் சக்தியே இருக்கிறது. முதல் நாள் தாண்டிவிட்டால் குட்டியின் குடல் அதை ஏற்றுக்கொள்ளாது.

சரி, குட்டி நன்றாகப் பிறந்துவிட்டது. பணம் எப்போது வரும்? அதுதான் கேள்வி. பதினோரு மாதம் வயிற்றில். அப்புறம் ஆறு மாதம் தாய்ப்பால். அப்புறம் கொள்ளு, ஓட்ஸ், குதிரைமசால், லாடம், குடற்புழு மருந்து. இரண்டு வயது முடிகிற சமயத்தில்தான் பந்தயத் திடலையே பார்க்கும். அதாவது இன்று இணை சேர்த்தால் மூன்று வருடம், நான்கு வருடம் கழித்துத்தான் அது தேறுமா தேறாதா என்று தெரியும். அதற்குள் கால் முறியலாம், வயிற்றுவலியில் போகலாம். பந்தயத்தில் ஓடுகிற தரோபிரெட் இனக் குதிரைக்குச் செயற்கைக் கருவூட்டலும் கிடையாது. உலகம் முழுக்க அதுதான் விதி. நேரடியாக இணை சேர்த்துப் பிறந்த குட்டிக்குத்தான் பதிவேட்டில் இடம். ஆகவே செலவைக் குறைக்கவும் வழியில்லை. இத்தனை காலம் காத்திருப்பவர் பண்ணைக்காரர். பரிசுப் பணம் போவதோ, கடைசியில் வாங்கி ஓடவிட்டவருக்கு.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். காயல் துறைமுகத்தின் கதை. தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியது. மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்: பாண்டிய நாட்டு அரசர்கள் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வருடாவருடம் வாங்குகிறார்கள், வருடம் முடியும்போது நூறுகூட மிஞ்சுவதில்லை என்று. லாடம் கட்டுகிறவர் இல்லை, வைத்தியம் தெரிந்தவர் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம்.

அதே காலத்தில் பாரசீகத்தில் வஸ்ஸாஃப் என்ற வரலாற்றாசிரியர் இன்னொரு தகவலைக் குறித்துவைத்திருக்கிறார். என்னைத் தூங்கவிடாத தகவல் அது. கிஷ் தீவின் வியாபாரி ஜமாலுத்தீன் வருடத்துக்கு 1,400 குதிரை அனுப்ப வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம். அவருடைய சொந்த லாயத்தில் வளர்ந்த குதிரைகள். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் குதிரைக்கு அடிபட்டாலும், கடலிலேயே செத்தாலும், அதன் விலையைப் பாண்டியன் கருவூலம் கொடுத்துவிடும்.

யோசித்துப் பாருங்கள். குதிரை வளர்ப்பவருக்கு உறுதியான விலை. உறுதியான கொள்முதல். செத்தாலும் நஷ்டஈடு. இதைவிட ஒரு நல்ல ஊக்கத்தொகைத் திட்டத்தை இன்றைக்கும் யாராலும் எழுத முடியாது. அத்தனையும் நம் மண்ணின் பணம். போய்ச் சேர்ந்தது பாரசீக வளைகுடாவில் இருந்த லாயத்துக்கு. அங்கே குதிரை வளர்ப்பு செழித்தது, இங்கே லாடம் கட்டக்கூட ஆள் இல்லாமல் போனது. பூம்புகார்த் துறையில் குதிரை கடல் வழியாக வந்து இறங்கியதைச் சங்கப் பாட்டு சொல்கிறது. மாணிக்கவாசகர் கதையிலும் குதிரை வாங்கத்தான் பாண்டியன் பொன் கொடுத்து அனுப்புகிறான். நரி பரியானது எல்லோருக்கும் தெரியும். பரியை இங்கேயே வளர்ப்போம் என்று அந்தக் கதையில் யாருக்குமே தோன்றவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். பணம் எந்த லாயத்துக்குப் போகிறதோ அந்த லாயத்தில்தான் குதிரை பிறக்கும். இதைத்தான் நான் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வெளிநாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம். அங்கே பெரிய பந்தயத் திடல்கள் இருந்தன. ஆனால் நல்ல குதிரை என்றால் கென்டக்கியில் பிறந்திருக்க வேண்டும் என்றிருந்தது. 1973இல் நியூயார்க்கில் ஒரு நிதியம் தொடங்கினார்கள். பந்தயத்தில் புரளும் பணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்து, அந்த மாநிலத்தில் பிறந்த குட்டி ஜெயித்தால் அதைப் பிறக்க வைத்த பண்ணைக்குத் தனியாக ஒரு தொகை. குட்டியின் தந்தையான ஆண்குதிரையும் அந்த மாநிலப் பண்ணையிலேயே இருந்தால் அதன் உரிமையாளருக்கும் ஒரு தொகை. உள்ளூரில் பிறந்தவை மட்டும் ஓடுகிற பந்தயங்களும் உண்டு. ஆரம்பத்தில் அந்தக் குதிரைகளை யாரும் மதிக்கவில்லை. 2003இல் ஃபன்னி சைட் என்ற குதிரை, அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியை வென்றது. நியூயார்க்கில் பிறந்த குதிரை அந்தப் பந்தயத்தை வென்றது அதுவே முதல் முறை. பள்ளிக்கூட நண்பர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து 75,000 டாலருக்கு வாங்கிய குதிரை அது. டெர்பி அன்று அவர்கள் திடலுக்கு வந்தது மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தில். நிதியம் தொடங்கியது 1973, வெற்றி 2003. முப்பது வருடம். முப்பது வருடம் அந்தப் பணத்தை நிறுத்தாமல் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் பொறுமைதான் பெரிதாகத் தெரிகிறது.

கென்டக்கி சும்மா இருக்குமா? இணை சேர்ப்புக் கட்டணத்தின் மீது அங்கே 6 சதவீத விற்பனை வரி உண்டு. 2005இல் அந்த வரிப் பணத்தையே எடுத்து வளர்ப்பவர்களுக்கான ஊக்க நிதி ஆக்கிவிட்டார்கள். அதில் ஒரு நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெட்டைக் குதிரை சினை பிடித்ததிலிருந்து குட்டி ஈனும் வரை அந்த மாநிலத்திலேயே இருக்க வேண்டும். ஈனுகிற நாளன்று லாரியில் கொண்டுவந்து இறக்கினால் பணம் கிடையாது. பதினோரு மாதம் அது அங்கே நின்றால் அங்கேதான் தீவனம் வாங்குவார்கள். மருத்துவருக்கும் வேலை, லாடம் கட்டுபவருக்கும் வேலை, வைக்கோல் விற்கிற விவசாயிக்கும் வியாபாரம். இப்படித்தான் பணம் கிராமத்தில் இறங்கும்.

ஆஸ்திரேலியாவிலும் மாநிலத்துக்கு ஒரு திட்டம் இருக்கிறது, விவரத்துக்கு இப்போது நேரமில்லை. பிரிட்டன் 2020இல் கொண்டுவந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெண்குதிரைகளுக்கான போனஸ் அது. நம் வீட்டில் பசு கிடாரிக் கன்று போட்டால் சந்தோஷப்படுவோம், காளைக் கன்று என்றால் முகம் வாடும். பந்தய உலகில் அப்படியே தலைகீழ். பெண்குட்டியை வாங்க ஆள் குறைவு, விலையும் குறைவு. ஆனால் பெண்குட்டி ஓடாமல் நின்றுவிட்டால் நாளைக்கு நல்ல தாய் எங்கிருந்து வரும்? அதனால் அந்த நாட்டில் பிறந்த பெண்குதிரை, தகுதியான பந்தயத்தில் ஜெயித்தால் 20,000 பவுண்டு வரை கூடுதல் பணம் என்று அறிவித்தார்கள். உரிமையாளருக்கு மட்டுமல்ல, வளர்த்தவருக்கும் அதில் பங்கு. லாயத்தில் சாணம் அள்ளுகிறவர்களுக்கும் பங்கு உண்டு.

இனி நம் ஊர். கிண்டியில் குதிரை ஓட ஆரம்பித்தது 1777இல். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் வந்தது. 1974இல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986இல் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்னது. கிண்டி நிலக் குத்தகையைப் பற்றிக் கேட்பீர்கள். அது வழக்கு வரைக்கும் போன விஷயம், இங்கே வேண்டாம்.

சூதாட்டத்துக்கு எதற்குச் சலுகை என்று கேட்கிற நேயர் இருப்பார். நியாயமான கேள்வி. சூதில் விழுந்த குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். நான் கேட்பது பந்தயம் கட்டுபவருக்குச் சலுகை இல்லை. பந்தய வரியைத் தவிர அரசு கஜானாவின் வேறு பணத்திலிருந்தும் ஒரு பைசா வேண்டாம். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது பந்தயத்துக்கு 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். கட்டுகிற முழுத் தொகைக்கும் இந்த வரி. வரி இருக்கட்டும். எடுக்கிற வரியில் ஒரு சின்னப் பங்கு, குட்டி பிறக்கிற பண்ணைக்குத் திரும்பி வரட்டும் என்றுதான் கேட்கிறேன். கென்டக்கி செய்தது இதைத்தான். வரி ஏற ஏற முறைப்படி நடக்கிற கவுண்டரில் கூட்டம் குறையும், சட்டவிரோதப் புக்கியிடம் கூட்டம் சேரும். அதோடு பரிசுத்தொகை சுருங்கும். பரிசுத்தொகை சுருங்கினால் முதலில் அடிபடுபவர் குட்டி விற்கக் காத்திருக்கிற சின்னப் பண்ணைக்காரர்.

கிண்டியில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை வெளி மாநிலத்தில் பிறந்தவை. புனே பக்கம், பஞ்சாப், கர்நாடகம். குணிகல் பண்ணை ஹைதர், திப்பு காலத்துப் பண்ணை, பெங்களூரிலிருந்து கொஞ்ச தூரம்தான். அதே தட்பவெப்பம் ஓசூரில் இல்லையா? வெள்ளைக்காரன் காலத்தில் ஓசூர் மத்திகிரியில் படைக்குக் குதிரை வளர்த்தார்களே! ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். கத்தியவார், மார்வார் என்று பல இனக் குதிரைகள் கம்பீரமாக நிற்கும். ஜனங்கள் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். நம் ஊர்க்காரருக்குக் குதிரை மேல் ஆசை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

என்னிடம் கேட்டால் மூன்றே காரியம். தமிழ்நாட்டில் பிறந்த குட்டிக்கென்று ஒவ்வொரு பருவத்திலும் சில பந்தயங்கள். அவற்றிலும் மற்றவற்றிலும் அது ஜெயித்தால் பண்ணைக்கு நேரடியாக ஒரு பங்கு, உரிமையாளர் கை வழியாக இல்லாமல். பெண்குட்டிக்கு அதில் கொஞ்சம் கூடுதல். உரிமையாளருக்கும் லாபம்தான். உள்ளூர்க் குட்டியை வாங்கினால் அதிகப்படி பரிசு கிடைக்கும் என்று தெரிந்தால் அவர் ஏன் புனே வரை போகிறார்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிடம்தான். ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்தாறு வயதில் ஓட்டம் முடிந்துவிடும், அதன்பின் இருபது வருடம் உயிரோடு இருக்கும். ஊக்க நிதி என்று ஒன்று வந்தால் அதில் ஒரு பகுதியை இவற்றின் தீவனத்துக்கு முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும், கடைசியில் மிச்சம் இருந்தால் என்று விடக் கூடாது. சவாரி கற்றுக்கொடுக்கிற இடங்களுக்கு, காவல்துறையின் குதிரைப் படைக்கு, பொருத்தமானவற்றைப் பழக்கிக் கொடுக்கலாம். அப்புறம் சைஸ்கள், அதாவது குதிரைக்காரர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு லாயத்தைத் திறக்கிறவர்கள் அவர்கள்தான். பிரிட்டன் மாதிரி அவர்கள் பங்கையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும். லாடம் கட்டுபவர்களுக்கு வேப்பேரியில் ஒரு முறையான பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.